எங்கள் வீட்டு ஆம்ப்ளிபயர்

‘மைக் செட்’ என்றால் என்னவென்று அறியாத குடும்பம் நம் பங்குகளில் இராது. திருவிழாக் கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரையிலும், மணவீட்டிலும், புதுமனை மந்திரிப்பிலும் அது முழங்குகிறது. மரத்தில் கட்டிய குழாயை எல்லோரும் காண்கிறோம். பேசுகிறவர் கையிலுள்ள மைக்கையும் காண்கிறோம். இரண்டுக்கும் நடுவே, மேசைக்கடியில் சூடேறியபடி இருக்கும் இரும்புப் பெட்டியை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பெட்டிக்குத்தான் ஆம்ப்ளிபயர் என்று பெயர். தமிழில் ஒலிபெருக்கி எனலாம். ஆனால் அப்பெயரை நம் மக்கள் குழாய்க்கே கொடுத்துவிட்டபடியால், இக்கட்டுரையில் நான் ஆம்ப்ளிபயர் என்றே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்தப் பெட்டியைத் தம் கையால் செய்கிறவர் என் கணவர். 1986-ஆம் ஆண்டு நான் மணமாகி இங்கு வந்தபோதே முன்னறை மேசையில் ஒன்று திறந்து கிடந்தது. இன்றும் ஒன்று திறந்து கிடக்கிறது. எங்கள் ஊர் புதுவை மேட்டுப்பாளையம். நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இங்கே மலையும் இல்லை, மலை ரயிலும் இல்லை. பிப்டிக் தொழிற்பேட்டையும், சரக்கேற்றிய லாரிகளும், அவை கிளப்பும் புழுதியுமே எங்கள் அடையாளம். இப்பெயர்க் குழப்பத்தால் எங்களுக்கு நேர்ந்த சங்கடம் கொஞ்சமன்று. பெங்களூரிலிருந்து வரவேண்டிய ஐ.சி. பொட்டலம் ஒன்று, அஞ்சல் குறியீடு 605 என்று தெளிவாகத் தொடங்கியிருந்தும், கூரியர்காரர் ஒருவரின் புண்ணியத்தால் கோவை மாவட்டம் வரை சென்று, பதினோரு நாள் கழித்து வந்து சேர்ந்தது. என் கணவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஊட்டிக் குளிர் பட்டிருக்கிறது, நன்றாக உழைக்கும்” என்றார்.

நான் படித்தது பள்ளியிறுதி வகுப்பு வரையில்தான். எனினும் இத்தனை ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்ததில் ஆம்ப்ளிபயர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஓரளவு அறிந்துகொண்டேன். அதை விளக்குவதற்கு எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள ஊசுட்டேரியே போதும். ஏரி நிறைய நீர் நிற்கிறது. மதகுக்காரர் பலகையைச் சற்றே உயர்த்துகிறார். வாய்க்காலில் வெள்ளம் பாய்கிறது. பலகையைத் தாழ்த்துகிறார்; வெள்ளம் குறைகிறது. அவர் கைக்கு ஆகும் உழைப்பு சிறிது. பாயும் நீரின் வலிமை பெரிது. நீர் அவர் கையிலிருந்து வரவில்லை, ஏரியிலிருந்து வருகிறது. ஆனால் அவர் கை அசைந்தபடியே அது ஏறி இறங்குகிறது. மைக்கிலிருந்து வரும் நுண்ணிய மின்னோட்டமே அந்தக் கை. டிரான்சிஸ்டரே மதகு. டிரான்ஸ்பார்மரும் பெரிய கண்டென்சர்களும் சேர்ந்ததே ஏரி. இதில் ஏரி சிறிதாயிருந்தால் மதகு எத்தனை பெரிதாயிருந்தும் பயனில்லை. ஆம்ப்ளிபயர் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மதகின் விலையைக் கேட்கிறார்கள். ஏரியைப் பற்றிக் கேட்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த மதகு முதலில் கண்ணாடிக் குமிழாக இருந்தது. அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பவர் 1906-இல் மூன்று முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெயினும் டிரான்சிஸ்டரைச் செய்து காட்டினர். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த ஒரு செய்தியை என் கணவர் அடிக்கடி சொல்வார். 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு காலை வேளையில் ஹரால்டு பிளாக் என்னும் பொறியாளர் படகேறி ஆற்றைக் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்தாராம். ஆம்ப்ளிபயர் தானாகச் சேர்க்கும் கோளாறுகளை நீக்குவது எப்படி என்று பல ஆண்டுகளாக அவருக்குக் கவலை. வெளியே வரும் ஒலியில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பி, வந்ததையும் போனதையும் ஒப்பிடச் செய்தால், வேறுபாடு தானே அடங்கிவிடும் என்று அவருக்கு அப்போது தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே படம் வரைந்து வைத்தார். இன்று நம் வீட்டு வானொலி முதல் கைப்பேசி வரை அந்த முறையே கையாளப்படுகிறது. ஆம்ப்ளிபயர் தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கிறது என்று அவர் இதனைச் சொல்வார்.

என் கணவர் பதினேழு வயதில் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது வால்வு பெட்டிகள் இன்னும் புழக்கத்தில் இருந்தன. பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வால்வுகளையும் 1962 முதல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் உற்பத்தி செய்து வந்தது. ‘பெல்’ என்ற முத்திரையிட்ட ஏ.சி. 128 என்னும் சிறு டிரான்சிஸ்டரை அவர் இன்றும் ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பாதுகாத்து வருகிறார். பின்னர் 2என் 3055 வந்தது. புறா முட்டையை நசுக்கியதுபோன்ற வடிவில், முழுதும் உலோகத்தால் ஆனது. 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் தாங்கும். ஒரு தலைமுறை மைக் செட்டுகள் அதன் முதுகிலேதான் சவாரி செய்தன. அதற்கும் பின்னர் ஜப்பானின் சான்யோ நிறுவனத்து எல்.ஏ. 4440 என்னும் ஐ.சி. வந்தது. ஒரே துண்டுக்குள் இரண்டு ஆம்ப்ளிபயர். கார் பாட்டரியில் ஓடும். ஒவ்வொன்றும் 6 வாட், இரண்டையும் இணைத்தால் 19 வாட். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் சால்டரிங் இரும்பைப் பிடித்த எந்த இளைஞனும் முதலில் செய்தது ‘4440 போர்டு’ ஆகத்தான் இருக்கும்.

செய்வதற்கு வேண்டிய பொருள்களை எங்கே வாங்குவது? ஆம்ப்ளிபயர் செய்கிறவனுக்கு இதுவே பாதி வேலை. சாதாரண ரெசிஸ்டரும் ஈயமும் புதுவையிலேயே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் அவர் மகாத்மா காந்தி வீதிச் சந்தைக்குப் போய்விடுவார். அங்கே பழந்துணிக்கும் பாத்திரத்திற்கும் நடுவே சாக்கு விரித்து, பழைய டேப் ரிக்கார்டர், உடைந்த ஸ்டெபிலைசர், பல்லாண்டு பழகிய டிரான்ஸ்பார்மர் எல்லாம் பரப்பியிருப்பார்கள். நல்ல அலுமினிய ஹீட் சிங்க் எடைக்கு எடை இரும்பு விலையில் கிடைத்ததும் உண்டு. மற்றவற்றுக்குச் சென்னைதான் கதி. அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிட்சி தெரு, அதைச் சேர்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை ஆகியவை இத்தொழிலில் இருப்போர்க்குத் திருத்தலம் போன்றவை. கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு முன் திண்டிவனம் வழியே பேருந்தில் போய்வர ஒரு முழுநாள் ஆகும். 1991-க்கு முன் வெளிநாட்டு உதிரிபாகங்கள் எளிதில் இறக்குமதியாவதில்லை. அப்போதெல்லாம் ரிட்சி தெருவில் கிடைக்காததைத் தேடி அவர் கடற்கரையோரம் பர்மா பஜாருக்கும் நடப்பார்.

மணமான புதிதில் சென்னை பார்க்கும் ஆசையில் நானும் உடன் சென்றேன். மெரீனாவைப் பார்ப்பேன் என்று நினைத்தவளுக்கு மாலை வரை கண்டென்சரே காட்சி. ஆனால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நானே விரும்பிப் போனேன். காரணம் உண்டு. என் கணவர் சர்க்யூட்டில் கெட்டிக்காரர். கடைக்காரரிடம் பேசுவதில் பச்சைக் குழந்தை. “ஒரிஜினல்தானே?” என்று கேட்பார், “ஒரிஜினல்தான் சார்” என்ற பதில் வரும், பணத்தைக் கொடுத்துவிடுவார். காய்கறிச் சந்தையில் வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை. கத்தரிக்காயை அழுத்திப் பார்க்காமல் வாங்குவதுண்டோ?

டிரான்ஸ்பார்மரைக் கொண்டு தொடங்கினேன். அதன் சுற்றுக் கம்பி செம்பாக இருக்கவேண்டும். செம்பு விலையேற ஏற, அலுமினியக் கம்பிக்குச் செந்நிற வார்னிஷ் பூசிச் சுற்றி விற்பது பெருகிவிட்டது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்தடையோ ஒன்றரை மடங்குக்கு மேல். எனவே அது விரைவில் சூடாகும். ஒரே அளவுள்ள இரண்டு டிரான்ஸ்பார்மர்களை அருகிலிருந்த மளிகைக் கடைத் தராசில் நான் நிறுத்துக் காட்டியபோது கடைக்காரர் முகம் போன போக்கை இங்கு எழுதவேண்டியதில்லை. கம்பி முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்நிறம் தெரிந்துவிடும். ஈயம் வைத்தாலும் தெரியும். செம்பில் பற்றும், அலுமினியத்தில் சாமானியமாய்ப் பற்றாது. இப்போதெல்லாம் எங்கள் டிரான்ஸ்பார்மரை எங்கள் கண் முன்னால் சுற்றிக்கொடுக்கும் ஒருவரிடமே செய்துகொள்கிறோம். விலை சற்றுக் கூடுதல்தான்.

டிரான்சிஸ்டரைத் தராசில் நிறுக்க முடியாதே! தோஷிபா நிறுவனத்தின் 2எஸ்.சி. 5200 என்பது 230 வோல்ட் தாங்கும் உயர்ந்த சரக்கு. அதன் பெயரைப் போட்டு எத்தனை போலிகள் உலவுகின்றனவோ! அவர் பத்து வாங்கினால் ஒன்றைப் பலியிடுவார். குறட்டால் அதை உடைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லு மொச்சைக்கொட்டை அளவுக்குத் தெரியவேண்டும்; எள்ளளவாயிருந்தால் மீதி ஒன்பதும் குப்பைக்கே. எல்.ஏ. 4440-இன் கதை இன்னும் வேடிக்கை. சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவே 2011-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. ஆயினும் சான்யோ முத்திரையோடு ‘இன்றைய புதுச்சரக்கு’ இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது. அது ஓடாது என்று நான் சொல்லவில்லை, ஓடும். எத்தனை நாள் என்பதே கேள்வி.

சில வேளைகளில் ஓர் எழுத்திலே எல்லாம் அடங்கியிருக்கிறது. டி.டி.ஏ. 2030 என்று ஐந்து கால்களுடைய ஒரு நல்ல ஐ.சி. உண்டு, வீட்டுக்குப் போதிய ஒலி தரும். அது தாங்கும் உச்ச மின்னழுத்தம் இருபுறமும் 18 வோல்ட். அதன் தம்பியான 2030 ‘ஏ’ 22 வோல்ட் வரை தாங்கும். 12-0-12 டிரான்ஸ்பார்மர் போட்டால் கணக்குப்படி ஏறத்தாழ 16 வோல்ட் வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் இரவு நேரத்தில் மின்சாரம் 230-ஐத் தாண்டி 250 வரை ஏறிவிடும்; அப்போது உள்ளேயும் 18-ஐத் தொட்டுவிடும். ஆகையால் ‘ஏ’தான் வேண்டும். “இரண்டும் ஒன்றுதான் அம்மா, எழுத்து மட்டும்தான் வேறே” என்றார் ஒரு கடைக்காரர். “அப்படியானால் எழுத்துள்ளதையே கொடுங்கள்” என்றேன்.

பொய்யை உதிரிபாகத்தில் மட்டுமா அச்சடிக்கிறார்கள்? பெட்டியின் மேலும் அச்சடிக்கிறார்கள். ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று தங்க எழுத்தில் பொறித்த ஒன்றை எங்கள் உறவினர் ஒருவர் வாங்கி வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே 12-0-12, 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். 24-ஐ 2-ஆல் பெருக்கினால் 48. ஏரியில் நாற்பத்தெட்டுக் குடம் இருக்க, வாய்க்காலில் ஆயிரம் குடம் எங்ஙனம் பாயும்? அதிலும் ஒரு பங்கு வெப்பமாகிப் போகும். மேலும், வாட் இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். காதுக்கு இருமடங்காகத் தோன்றவேண்டுமானால் வாட் ஏறத்தாழ பத்து மடங்காகவேண்டும் என்பார் என் கணவர். ஆகையால் 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் இடையே சிறிதளவு வேறுபாடே தெரியும். வீட்டு வரவேற்பறையில் நாம் சாதாரணமாய்ப் பாட்டுக் கேட்பதற்கு ஓரிரு வாட்டுக்கு மேல் செலவாவதில்லை என்பதை அறிந்தால் எத்தனை பேர் பணம் மிச்சமாகும்!

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் மகனோ மகளோ சால்டரிங் இரும்பு கேட்டால் மறுக்கவேண்டாம். ஆனால் முதல் இரண்டு ஆம்ப்ளிபயர்களும் 12 வோல்ட் பாட்டரியில் ஓடுவனவாய் இருக்கட்டும். 230 வோல்ட்டைத் தொடும் காலம் வரும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நெஞ்சைக் கடந்து போகும். இரும்புப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். சுவிட்சை அணைத்த பின்னும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாய் அறிந்திருக்கவேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் புதிய பெட்டியும் முதன்முதலில் ‘சீரிஸ் பல்பு’ வழியாகத்தான் மின்சாரம் காணும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துவிட்டால், உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி தப்பிவிடும். குறையில்லையெனில் ஒரு நொடி மின்னி மங்கிவிடும். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது. குண்டு பல்புகள் கடைகளில் அருகி வருவதால் நான் ஆறு வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நிற்க. இதுவரை எழுதியதெல்லாம் பொருளைப் பற்றியது. எழுதத் தூண்டியது வேறொன்று.

சென்ற ஆண்டு எங்கள் அன்பியக் கூட்டத்திற்கென ஒரு சிறிய ஆம்ப்ளிபயர் செய்துதரச் சொல்லிக் கேட்டார்கள். வீட்டுக்கு வீடு தூக்கிச் செல்லத்தக்கதாய், முதியவர்களுக்கு வாசகம் தெளிவாய்க் கேட்கத்தக்கதாய் இருக்கவேண்டும். என் மருமகள் கேட்டாள்: “அத்தை, கடையில் 1,500 ரூபாய்க்கு ப்ளூடூத் பெட்டியே கிடைக்கிறதே. மாமா ஏன் கஷ்டப்படவேண்டும்?” அவள் கேட்டது நியாயம். நான் எழுதும் கணக்கு நோட்டில் டிரான்ஸ்பார்மர், கண்டென்சர், ஐ.சி., ஹீட் சிங்க், பெட்டி, ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 3,140 ரூபாய் ஆகியிருந்தது. கூலி சேராது. ஆம்ப்ளிபயரைக் கையால் செய்தால் மலிவு என்ற காலம் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் பொய் சொல்லவேண்டாம். ஆனால் 1,500 ரூபாய்ப் பெட்டி பழுதானால் அதைத் திறக்கவே வழியிருப்பதில்லை. திறந்தாலும் உள்ளிருப்பது என்னவென்று யாருக்கும் தெரிவதில்லை. என் கணவர் 1989-இல் செய்த பெட்டி ஒன்று எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு வீட்டில் இன்றும் பாடுகிறது. நான்கு முறை கண்டென்சர் மாற்றியாயிற்று, அவ்வளவே.

அந்த அன்பியப் பெட்டியைச் சோதிக்கும் நாள். நான் அடுக்களையில் இருந்தேன். முன்னறையிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சீறல். பால் பொங்குமுன் எழும் ஓசை போல இருந்தது. ஆனால் அடுப்பில் பால் இல்லை. அவர் பெட்டிக்கு மேல் முகத்தைக் கவிழ்த்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓசை அவர் மூக்குக்கு ஒரு சாண் தொலைவில் எழுகிறது, அவரோ அசையவில்லை. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்து அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அடுத்த கணம் கண்டென்சர் ஒன்று பட்டாசுபோல் வெடித்து, மூடி உத்தரத்தில் மோதிக் கீழே விழுந்தது. ஆறியபின் பிரித்துப் பார்த்தோம். 4700 மைக்ரோ பாரட், 50 வோல்ட் என்று அச்சிட்ட பெரிய உறைக்குள், 16 வோல்ட் என்று எழுதிய சிறிய கண்டென்சர் ஒன்று ஒளிந்திருந்தது. வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். அன்று நான் உடன் செல்லவில்லை, காய்ச்சலாய்ப் படுத்திருந்தேன்.

போலிச் சரக்கைப் பற்றிய கோபம் எனக்கு ஒரு நாளில் தணிந்துவிட்டது. தணியாதது வேறு. அந்தச் சீறல் அவருக்குக் கேட்கவேயில்லை.

அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. முதுமையில் காது மங்கும்போது முதலில் போவது மெல்லிய உயர்ந்த ஒலிகளே. தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் தங்கியிருக்கும். ஆகவே மங்குகிறவருக்கே அது தெரிவதில்லை. மற்றவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பதாகவே தோன்றும். சில ஆண்டுகளாகவே அவர் டிரபிள் குமிழைக் கூடுதலாகத் திருப்பி வைப்பதை நான் கவனித்திருந்தேன். “பாட்டு மொட்டையாயிருக்கிறது” என்பார். எங்களுக்கோ காது கூசும். பெட்டி முடிந்தவுடன், “ஏம்மா, இங்கே வந்து கேளு, இரைச்சல் இருக்கிறதா?” என்று என்னை அழைப்பதும் வழக்கமாகிவிட்டது. நான் இளமையில் பாடகர் குழுவில் இருந்தவள், சுருதி தெரியும். பெட்டி முனகினால் அது எந்த முனகல் என்று என்னால் சொல்ல முடியும். எர்த் கம்பி சுற்றிவருவதால் எழும் முனகல் 50 ஹெர்ட்ஸ். ஏரியான கண்டென்சர் போதாமையால் எழுவது 100 ஹெர்ட்ஸ். ஆர்மோனியத்தில் ஒரே கட்டையின் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் போன்றவை அவை. “மேலது” என்றால் கண்டென்சரைப் பார்ப்பார். “கீழது” என்றால் கம்பியைப் பார்ப்பார். இந்த ஏற்பாடு எங்களுக்கு இனிமையாகத்தான் இருந்தது. கண்டென்சர் வெடித்த நாள் வரையில்.

ஜிப்மர் மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் சோதித்தார்கள். வரைபடத்தில் கோடு இடப்புறம் நேராக வந்து, வலப்புறம் படிக்கட்டு போல் இறங்கியது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். “டிரபிள் கட் போட்டதுபோல் இருக்கிறது” என்றார். இரு காதுக்கும் கருவி வைத்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர் கூறினார். அவர் மறுத்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் ஆம்ப்ளிபயர் செய்து கொடுத்தவர், தம் காதுக்கு ஓர் ஆம்ப்ளிபயர் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டார்! காரணம் கேட்டால் கணக்குச் சொன்னார். இரண்டுக்குமாக 26,000 ரூபாய். “அந்தப் பணத்தில் எட்டுப் பெட்டி செய்யலாம்” என்றார். “அந்த எட்டுப் பெட்டியையும் யார் காதால் சோதிப்பீர்கள்?” என்றேன். “நீதான் இருக்கிறாயே” என்றார். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. எனக்கும் அறுபத்திரண்டு ஆகிறது என்பதை அவர் அறிவார். இரண்டு மாதம் வீட்டில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. மகன் பேசிப் பார்த்தான். பேரன்தான் வேறு வழியில் போனான். அந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று கைப்பேசியில் தேடி எடுத்துத் தாத்தாவிடம் காட்டினான். 1.4 வோல்ட் துத்தநாக மின்கலம். சட்டைப் பொத்தானிலும் சிறியது. காற்றை உட்கொண்டு வேலை செய்வது. மைக் இரண்டு; ஆம்ப்ளிபயர்; ஸ்பீக்கர்; எல்லாம் ஒரு கடலைக்கொட்டைக்குள். எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும் உயர்த்தும். “இதை யார் அசெம்பிள் செய்கிறார்கள், தாத்தா?” என்று கேட்டான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படித்தார்.

ஒரு மாதம் பழகிப் பார்க்க இப்போது வாங்கி வந்திருக்கிறோம். முதல் இரண்டு நாள் ஓயாத குறை. காகம் கத்துவது தகரத்தில் கத்துவதுபோல் இருக்கிறது. செய்தித்தாளைப் புரட்டினால் மழை பெய்கிறது. கையைக் காதருகே கொண்டுபோனால் விசில் அடிக்கிறது. விசிலுக்குக் காரணம் அவருக்கே தெரியும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்தால் ஊளையிடும் என்பதை எத்தனை திருவிழாவில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர்! மூன்றாம் நாள் மாலை அவர் அன்பியப் பெட்டிக்குப் புதிய கண்டென்சர் போட்டு முடித்தார். கேரளத்துக் கெல்ட்ரான், நான் போய் வாங்கி வந்தது. பாட்டு எதுவும் போடாமல் சுவிட்சை மட்டும் போட்டார். ஸ்பீக்கரருகே தலையைச் சாய்த்தார். முகம் மாறியது.

“ஏம்மா, இந்தப் பெட்டி இப்படியா இரைகிறது?”

“கொஞ்சந்தானே! எல்லாப் பெட்டியும் அப்படித்தானே இரையும்” என்றேன்.

“எல்லாப் பெட்டியுமா? எத்தனை வருஷமாக?”

அன்றிரவே பேஸ்-டிரபிள் போர்டைக் கழற்றிவிட்டார். அதிலுள்ள 4558 ஐ.சி. இரைகிறதாம்; போலியாகக்கூட இருக்கலாமாம். அதை எடுத்துவிட்டு, அதே கால் அமைப்புள்ள 5532 போடவேண்டுமாம். அத்தோடு நிற்கவில்லை. சென்ற ஐந்தாறு ஆண்டுகளில் செய்துகொடுத்த பெட்டிகளையெல்லாம் வீடு வீடாய்ப் போய்த் திரும்ப வாங்கிவரத் தொடங்கியிருக்கிறார். முன்னறையில் கால் வைக்க இடமில்லை. அன்பியத்தார் தங்கள் பெட்டி எப்போது வரும் என்று கேட்டவண்ணம் இருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை ரிட்சி தெருவுக்குப் போகிறோம். பட்டியலை எழுதி முடித்துவிட்டேன். 5532 பன்னிரண்டு, காதுக் கருவிக்கு மின்கலம் ஓர் அட்டை.